அட்வான்ஸ் கைமாறும் முன்: வீடு, மனைத் தரகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"நல்ல வீடா இருந்தா காட்டுங்க" என்பார் வாங்குபவர். "நல்ல ரேட்டுக்கு முடிச்சுக் கொடுங்க" என்பார் விற்பவர். இன்றைக்கு வீட்டைக் கண்டுபிடிக்கத் தரகர் தேவையில்லை, செல்போனிலேயே நூறு வீடு பார்த்துவிடலாம். பழகாதவரால் செய்ய முடியாத வேலைகள் இரண்டு: காகிதத்தில் இருக்கும் ஓட்டையைப் பார்ப்பது, பத்திரம் முடியும்வரை ஆகும் பணத்தைக் கடைசி ரூபாய்வரை கணக்குப் போடுவது. இந்த இரண்டையும் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே முடித்துத் தருபவரே தரகர். அட்வான்ஸ் கொடுத்தபிறகு தெரியவரும் பிரச்சினைக்கு இருதரப்பும் விலை கொடுக்கிறார்கள். ஒருவருக்குப் பணம் முடங்குகிறது, இன்னொருவருக்கு வீடு முடங்குகிறது.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறைக்கானவை. வேலை நடக்கும் வரிசையிலேயே வருகின்றன.

படி 1: கமிஷனை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்

வீடு விற்பனைக்குப் பல ஊர்களில் ஒவ்வொரு தரப்பிலும் 1 சதவீதம், சில இடங்களில் 2 சதவீதம் வாங்குவது வழக்கம். எவ்வளவு என்பதைவிட எப்போது சொல்கிறீர்கள் என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது. பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் கமிஷன் பேசினால் அது சண்டையில்தான் முடியும். ஒரே ஒரு பக்கத் தாள் போதும். யார் எவ்வளவு தருவது, உண்மையான விற்பனை விலையிலா பத்திர மதிப்பிலா, எந்த நாளில், பேச்சு முறிந்தால் என்ன, இடையில் வேறு தரகர்கள் இருந்தால் அவர்கள் பங்கு யார் கணக்கில் என்று எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குங்கள். இருவரிடமும் கமிஷன் வாங்குவதாக இருந்தால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு 60 லட்சம் வந்தா போதும், மேல வர்றது உனக்கு" என்று சொல்லும் ஓனர்கள் உண்டு. அதை ஏற்காதீர்கள். அந்த நிமிடமே நீங்கள் வாங்குபவருக்கு எதிராளி ஆகிவிடுகிறீர்கள். இரு தரப்பும் நேரில் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையும் வந்துவிடும். பத்திர நாளில் எப்படியும் சந்திப்பார்கள்.

வாங்கும் கமிஷனுக்கு ரசீது கொடுங்கள். விற்பவர் அந்த ரசீதை மூலதன ஆதாயக் கணக்கில் (விற்ற லாபத்துக்கு வரி போடும் கணக்கு) விற்பனைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். இதைச் சொல்லும் தரகரிடம் ஓனர் கமிஷனைக் குறைத்துப் பேசுவது அபூர்வம்.

பில்டர்களின் புதிய திட்டங்களில் விற்பனை செய்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8-க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்கள் இதில் வரும். பதிவில்லாமல் விற்றுக் கொடுத்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். பில்டர் தராத வசதியை நீங்கள் வாய்மொழியாக உறுதி சொல்வதும் அந்தச் சட்டப்படி குற்றம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதை வாங்குபவருக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

படி 2: போர்டு மாட்டுவதற்கு முன் காகிதம்

விற்பவர் வீட்டுக்குப் போனதும் கூடத்தையும் சமையலறையையும் படம் எடுப்பதற்கு முன்னால் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை: இப்போதைய கிரயப்பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா (நகரமானால் டவுன் சர்வே பதிவேட்டின் நகல்), புலப்படம் (நில அளவைப் படம்), வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்), கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கடன் இருந்தால் வங்கியின் கடிதம். அசலா நகலா என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறித்துக்கொள்ளுங்கள். அசல் தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம், சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இந்த வேலை இப்போதே தொடங்க வேண்டும், வாங்குபவர் வந்தபிறகு அல்ல.

மனையாக இருந்தால் அங்கீகாரம் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு முதல்முறையாக விற்கப்படும் அங்கீகாரமற்ற மனை பதிவாகாது. அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுவிற்பனை பதிவாகும். ஆனாலும் வரன்முறை செய்யாத, அதாவது பின்னர் அங்கீகாரம் வாங்காத மனைக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் சிக்கலாகும். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கான வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) பாருங்கள். பூஜ்ஜியம் என்று காட்டினால் அது பெரும்பாலும் கோயில் நிலமோ, வக்பு நிலமோ, புறம்போக்கோ, தடை போட்ட இடமோதான். "பட்டா இருக்கு சார்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

படி 3: வாரிசு

தமிழ்நாட்டில் வீட்டு விற்பனை அதிகம் கவிழ்வது இங்கேதான். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்துப் பெயர்களை எண்ணிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

உதாரணம் ஒன்று. 2,400 சதுர அடி மனையைச் சொந்தமாக வாங்கிய ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். அவருடைய தாயும் அன்றைக்கு உயிரோடு இருக்கிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே நான்கு பங்கல்ல, ஐந்து பங்கு. சில ஆண்டுகள் கழித்து, கணவரை முன்பே இழந்த அந்தத் தாயும் இறக்கிறார். அவருக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு மூன்றாகப் பிரியும். இறந்தவரின் அண்ணனுக்கும் தங்கைக்கும் தலா பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 160 சதுர அடி வீதம் உரிமை வந்துவிடுகிறது. குடும்பத்தில் யாருக்கும் இது தெரியாது. பாட்டி போனபிறகு விண்ணப்பித்து வாங்கிய வாரிசுச் சான்றில் பாட்டி பெயரே இருக்காது. வங்கி வழக்கறிஞர் மட்டும் "இறந்தவரின் தாய் எப்போது இறந்தார்?" என்று கேட்பார். அதே கேள்வியை நீங்கள் முதல் நாளே கேளுங்கள். அண்ணனும் தங்கையும் நல்ல உறவில் இருக்கும்போதே அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம். விற்பனை பேசி முடித்தபிறகு போய்க் கேட்டால் அந்த 160 சதுர அடிக்கு விலை சொல்வார்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் மகள்களைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே, அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குப் பங்குரிமை தரப்பட்டது. 2005-ல் மகள்களுக்கு மகன்களுக்குச் சமமான பங்கு தரும் மத்திய திருத்தம் வந்தது. தந்தை 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. "அக்காவுக்குச் சீர் செஞ்சு அனுப்பிட்டோம்" என்பது சட்டத்தில் நிற்காது. வாரிசுகளில் மைனர் இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அது இல்லாமல் விற்றால் 18 வயதானபின் மூன்று ஆண்டுகளுக்குள் அவர் வழக்குப் போடலாம். இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. அதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள்.

பவர் (ஓனர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து விற்பவரிடம் மூன்றைப் பாருங்கள்: பவர் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா. கடைசிக் கேள்விக்காகத்தான் சார்பதிவாளர் 30 நாளுக்குள் வாங்கிய மருத்துவரின் உயிர்வாழ் சான்றைக் கேட்கிறார். பவரும் ஒப்பந்தமும் மட்டும் வைத்துக்கொண்டு "இடம் என்னுடையது" என்று சொல்ல முடியாது என்பது 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம்.

படி 4: வில்லங்கச் சான்றைப் படிப்பது எப்படி

குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள். போடும்போது நடக்கும் பெரிய தவறு, இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் தேடுவது. இன்றைக்கு 112/3பி2 என்று இருக்கும் இடம் முன்பு 112/3பி ஆகவும், அதற்கும் முன்பு 112/3 ஆகவும் இருந்திருக்கும். பழைய அடமானமோ ஒப்பந்தமோ 112/3 என்ற எண்ணில் பதிவாகியிருந்தால் 3பி2-க்குப் போட்ட வில்லங்கத்தில் அது வராது. வெள்ளைத் தாள் போலச் சுத்தமாக இருக்கும். மூன்று எண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். அந்தக் கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கேள்வி: இது தொடங்கியது, முடிந்ததா? அடமானம் இருந்தால் கடன் அடைந்ததற்கான அதன் ரசீது எங்கே, ஒப்பந்தம் இருந்தால் அதன் ரத்து எங்கே, பவர் இருந்தால் அது என்ன ஆயிற்று. வங்கிக் கடன் அடைந்து பத்து வருடமாகியும் அடமான ரசீது பதிவாகாமல் கிடக்கும் வீடுகள் ஏராளம். கடன் அடைந்தபின் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. பத்திரத்துக்காக அலையும் ஓனருக்கு இதைச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்று சொல்லாதவையும் உண்டு: பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்மொழிப் பாகப்பிரிவினை, வரி பாக்கி. இவற்றுக்கு ஓனரின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள்.

படி 5: டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

பத்திரத்தில் 40-க்கு 60, ஆக 2,400 சதுர அடி என்று இருக்கும். முன்பக்கம் டேப் போட்டால் 40 அடி சரியாக வரும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்பக்கச் சுவருக்குப் போய்ப் போட்டால் 37 அடி. மூலைக்கு மூலையும் அளந்து சரிபார்த்தால் இடம் 2,310 சதுர அடிதான். சதுர அடி 5,000 ரூபாய் என்றால் நான்கரை லட்சம் காணாமல் போகிறது. காரணம் பெரும்பாலும் பக்கத்துக்காரர் சுவர் தள்ளிக் கட்டியதுதான், இல்லையென்றால் லேஅவுட் போடும்போதே ஏற்பட்ட பிசகு. பட்டாவையும் ஒப்பிடுங்கள். 2,400 சதுர அடி என்றால் பட்டாவில் சுமார் 2.23 ஏர்ஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஏர் 1,076 சதுர அடி. அங்கே 2.15 இருந்தால் அதுவும் 2,310-ஐத்தான் சொல்கிறது. வங்கி எது குறைவோ அதற்குத்தான் மதிப்புப் போடும். விலையையும் அதற்கே பேசுங்கள்.

ஃபிளாட் என்றால் மூன்று அளவையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: சுவருக்குள் புழங்கும் கார்பெட் அளவு, பொது இடமும் சேர்த்த சூப்பர் பில்டப் அளவு, நிலத்தில் பிரிபடாத பங்கு. பழைய ஃபிளாட்டில் விலை நிற்பது மூன்றாவதில். அந்தப் பங்கு பத்திரத்தில் எவ்வளவு என்று பார்க்காமல் ரேட் சொல்லாதீர்கள்.

படி 6: விலை சொல்வது

தனி வீட்டுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துக் கணக்கிடுங்கள். நிலத்துக்கு அதே தெருவில், அதே சாலை அகலத்தில் சமீபத்தில் முடிந்த விலை. ஓனர்கள் கேட்கும் விலை அல்ல, முடிந்த விலை. கட்டடத்துக்கு இன்று கட்டினால் ஆகும் செலவில் வயதைக் கழித்த மிச்சம். அக்கம்பக்கத்து வில்லங்கச் சான்றில் தெரியும் தொகையை மட்டும் நம்பாதீர்கள். வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டவர்கள் நிறைய. இந்தக் கணக்கை ஓனர் முன்னால் தாளில் போட்டுக் காட்டினால், "மாடியில மார்பிள் போட்டிருக்கேன்" என்று ஏற்றிச் சொல்லும் 15 லட்சம் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்.

பத்திரத் தொகை வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த வித்தியாசத்துக்கு வருமான வரியில் விற்பவர், வாங்குபவர் இருவருமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

படி 7: வாங்குபவரின் கைப்பணக் கணக்கு

வீடு காட்டுவதற்கு முன்பே இதை உட்கார்ந்து போடுங்கள். 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட். "பேங்க்ல 80 பர்சென்ட் கொடுப்பாங்க, 12 லட்சம் வெச்சிருக்கேன்" என்று வாங்குபவர் வருவார்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் என்பது சரிதான். ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்தக் கணக்கில் சேராது. 7 சதவீதமும் 2 சதவீதமுமாக 5,40,000 ரூபாய் கைப்பணத்தில் போகும். கமிஷன் 1 சதவீதம் என்றால் 60,000. அந்த 12 லட்சத்தோடு சேர்த்து இதுவரை 18 லட்சம். அடுத்து வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து 55 லட்சம்தான் பெறும் என்று எழுதினால் கடன் 48 அல்ல, 44 லட்சம். கைப்பணம் 22 லட்சமாகிறது. வக்கீல் கருத்து, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவுச் செலவு, பத்திர எழுத்தர் கூலி எல்லாம் இதற்கு மேல். 12 லட்சத்தோடு வந்தவருக்கு 22 லட்சம் தேவை என்பதை அட்வான்ஸ் கொடுத்து, சீட்டு எடுத்து, நகை வைத்தபிறகு சொல்வது அநியாயம். முதல் நாள் சொன்னால் அவர் 40 லட்ச ரூபாய் வீடு பார்ப்பார். உங்களிடமே பார்ப்பார்.

பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்கும் ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை வேறு: 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டி முடித்த சான்று வாங்காத ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டியும் உண்டு. 10 லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. சின்ன ஊர்களில் மனை வாங்கும் குடும்பங்களுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீத டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவல்ல, விலையிலிருந்தே பிடிப்பது. விற்பவருக்கு முன்பே சொல்லாவிட்டால் பத்திர நாளில் "60,000 குறையுதே" என்று தகராறு வரும். விற்பவர் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்றால் 1 சதவீதம் அல்ல. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரி, செஸ்ஸும் பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் விற்பவர் சான்று வாங்கலாம், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். தெரியாமல் 1 சதவீதம் மட்டும் பிடித்தால் மிச்சத்தை வாங்குபவரிடம்தான் கேட்பார்கள்.

படி 8: வீட்டைக் காட்டும்போது

மறைக்காதீர்கள். சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டுவைத்துக்கொண்டு, கேட்காமலே சொல்லுங்கள். காம்பவுண்டுச் சுவரில் கறை இருக்கும், புது பெயின்ட் அடித்திருந்தால் தெருவில் அடுத்த வீட்டுச் சுவரைப் பாருங்கள். போர் எத்தனை அடி, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை எது என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கட்டும். வாடகைக்கு ஆள் இருந்தால் எந்தத் தேதிக்குக் காலி, அட்வான்ஸை யார் திருப்புவது என்று அப்போதே கேளுங்கள்.

படி 9: பேச்சு, அட்வான்ஸ், ஒப்பந்தம்

இரு தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். அட்வான்ஸ் உங்கள் கணக்குக்கு வரக்கூடாது, வாங்குபவர் கணக்கிலிருந்து நேராக விற்பவர் கணக்குக்குப் போகட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அதே தொகை விற்பவருக்கு அபராதமாக வரலாம். பாதி வெள்ளை பாதி கறுப்பு என்ற பேச்சு வரும்போது வாங்குபவரிடம் கணக்கைச் சொல்லுங்கள்: பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும், நாளை அவர் விற்கும்போது ஆதாயமும் வரியும் கூடும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பத்து ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வது பாதுகாப்பல்ல. ஒப்பந்தத்தில் தவறாமல் இருக்க வேண்டிய வரி ஒன்று: வழக்கறிஞர் கருத்தில் குறை வந்தாலோ, விற்பவரின் ஆவணக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும். வாங்குபவரே மனம் மாறினால் எவ்வளவு கழியும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். கெடு மூன்று மாதமாவது வையுங்கள். இடையில் ஆடி வந்தால் பத்திரம் போட மாட்டோம் என்று நிற்கும் குடும்பங்கள் உண்டு, நாள் பார்த்துக் கெடுவைப் போடுங்கள்.

விற்பவர் மேல் வீட்டுக்கடன் இருந்தால் அவருடைய வங்கியில் இரண்டு கடிதம் வாங்கச் சொல்லுங்கள்: அடைக்க வேண்டிய மொத்தத் தொகை, வங்கியிடம் இருக்கும் ஆவணப் பட்டியல். வாங்குபவரின் வங்கி அந்தத் தொகையை நேராக விற்பவரின் வங்கிக்குத் தரும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதக் கட்டணம் கிடையாது, கேட்டால் மறுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் பவர் அனுப்பினால் அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அந்த நாள் தவறிப்போன பவர்களால் நின்ற பத்திரங்கள் பல.

படி 10: பத்திர நாளும் அதற்குப் பிறகும்

வரைவுப் பத்திரத்தை இரண்டு நாள் முன்பே இரு தரப்புக்கும் அனுப்புங்கள். சர்வே எண், நான்கெல்லை, தாய்ப்பத்திர எண், பெயரின் இனிஷியல், ஃபிளாட்டானால் பிரிபடாத பங்கு ஆகியவற்றை நீங்களே விரல் வைத்துப் படியுங்கள். நான்கெல்லையில் வடக்கும் தெற்கும் மாறினால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்பவர் மறுபடி வர வேண்டும், அவர் அதற்குள் பெங்களூரு போயிருப்பார். முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் விட்டாலும் கூட்டம் இருக்கும். வயதானவர்கள் கையெழுத்துப் போட வருகிறார்கள் என்றால் வேறு நாள் பாருங்கள்.

சாவி வாங்கும்போது மின் மீட்டரைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்புங்கள். அந்த அரையாண்டுச் சொத்து வரி, தண்ணீர் வரி, அசோசியேஷன் பாக்கியில்லாச் சான்று ஆகியவை முடிந்திருக்கட்டும். உட்பிரிவு இல்லாத முழு இடம் என்றால் பட்டா பெயர் மாற்றம் பதிவோடு தானாக நடக்கலாம். உட்பிரிவு வேண்டும் என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், விண்ணப்பம் தனி. ஒரு மாதம் கழித்து வாங்குபவருக்குப் போன் செய்து புதிய வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் அவர் பெயரும், விற்பவரின் பழைய அடமானத்துக்கான ரசீதும் இரண்டும் வந்திருக்க வேண்டும்.